கோடு கறுத்தால் சுத்தம்

அத்தியாயம் 7

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகிற ரோட்டில், திருவரங்குளம் தாண்டி மூன்றாவது நிமிடத்தில், டாக்டர் லக்ஷ்மணன் சிரித்துக்கொண்டிருந்தார். ஃபிளெக்ஸில்தான். நிஜ டாக்டரைவிட ஃபிளெக்ஸ் டாக்டர் மூன்று மடங்கு உயரம், நான்கு மடங்கு சிவப்பு. ஸ்டெதாஸ்கோப்பை மைக் பிடிப்பது போலப் பிடித்திருந்தார். ‘ஆயிரமாவது அறுவை சிகிச்சை வெற்றி விழா! வரும் ஞாயிறு காலை 10 மணி. அனைவரும் வருக, விருந்துண்க’ என்று கீழே எழுதியிருந்தது. அதற்கும் கீழே, கிரிக்கெட் மைதானத்தில் வைப்பது போல ஒரு பலகை: முடிந்தது 989. பாக்கி 11.

“இன்னிக்குப் புதன்கிழமை. நாலு நாள்ல பதினோரு வயித்தக் கிழிக்கணும்னா, நாளொண்ணுக்கு ஏறக்குறைய மூணு,” என்றார் ஜெரால்டு. “ரன் ரேட் கொஞ்சம் கஷ்டம்தான் மேடம்.”

பலகையில் தன் கணக்கையே தோரணம் கட்டி வைத்திருக்கிற ஆளைப் பார்த்தால் அமராவதிக்குப் பேச்சு வராது, கொட்டாவி வரும். முப்பத்தாறு வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எட்டு வருஷம் பொய்க் கிளெய்ம்களைத் துருவியவள். போன வருஷம் வேலையை விட்டுவிட்டு, கீழ ராஜ வீதி மாடியில் ‘துப்பறியும் அலுவலகம்’ என்று போர்டு மாட்டினாள். உதவிக்கு ஜெரால்டு. ஐம்பத்திரண்டு வயது, இருபத்தாறு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். சைரனைக் கழற்றி வைத்துவிட்டு வாயை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்பது அவளுடைய அபிப்பிராயம்.

எதிர்ச்சாரி டீக்கடை பெஞ்சில், அவர்களை வரவழைத்த அடைக்கலமேரி உட்கார்ந்திருந்தார். லக்ஷ்மணனின் ஆயுள்வேல் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். வாங்கிய டீயில் ஆடை கட்டியிருந்தது.

“பதினஞ்சு நாள்ல மூணு பேஷண்டுக்குப் புண்ணு சீழ் வச்சிருச்சும்மா,” என்றார். “மூணும் குடலிறக்க ஆபரேஷன். ஒருத்தர் கட்டுமாவடி மீன்காரரு. நேத்துப் பாத்தேன், காய்ச்சல்ல அனத்துறாரு. நான் கை கழுவாமக் கருவியத் தொட்டதாலதான்னு டாக்டர் எழுதிட்டாரு. இன்னிக்கு நாலு மணிக்கு விசாரணை. மாவட்டச் சுகாதார ஆபீஸ்லேருந்து ஹரிணி டாக்டர் வாராங்க. குத்தம்னு முடிவாயிருச்சுன்னா நர்ஸ் பதிவுலேருந்தே பேர எடுத்துருவாங்களாம்.”

“கழுவாமத் தொட்டீங்களா?” என்றாள் அமராவதி.

அடைக்கலமேரி தன் கைகளை நீட்டிக் காட்டினார். இருபத்திரண்டு வருஷம் தேய்த்துத் தேய்த்து, விரல் நுனியில் ரேகையே மழுங்கிப்போயிருந்தது. “ரேஷன் கடையில மெஷின் என் கைய ஏத்துக்க மாட்டேங்குதும்மா.”

அமராவதி அந்த விரல்களை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

“சரி. கெட்டது ஒங்க கையில இல்லைன்னா, கைக்கு வர்றதுக்கு முன்னாடியே கெட்டிருக்கணும். கருவியும் துணியும் எங்கிட்டிருந்து வரும்?”

“பின்னாடி ரூம்ல ஆட்டோகிளேவ் இருக்கு. நீராவியில வேக வைக்கிற பொட்டி. துணி, கவுன், பஞ்சு எல்லாத்தையும் பொட்டலமாக் கட்டி, மேல ஒரு டேப் ஒட்டி உள்ள வைப்பாங்க. டேப்புல வெளிறுன கோடு இருக்கும். நல்லா வெந்துச்சுன்னா கோடு கறுத்துரும். கோடு கறுத்தாச் சுத்தம். போன மாசம் அந்த ரூம மேனேஜர் அருண் தம்பி பொறுப்புல மாத்திட்டாங்க. எனக்குச் சன்னல் வழியாப் பொட்டலம் மட்டும் வரும். கோட்டப் பாத்து வாங்கிக்குவேன்.”

“கறுத்திருந்துச்சா?”

“மையாட்டம் கறுத்திருந்துச்சு. சொல்லப்போனா இப்பத்தான் வேலையே சுத்தமா இருக்கு. முன்னெல்லாம் துணி ஈரம் பூத்து, தொவண்டு போய் வரும். இப்ப மடிப்புக் கலையாம, அட்டையாட்டம் வருது. அருண் தம்பிய நான் பாராட்டக்கூட செஞ்சேன்.”

அமராவதி தன் டீயைக் கீழே வைத்தாள். அதற்குள் ஈ விழுந்திருந்ததும் ஒரு காரணம்.

மேனேஜர் அருண் டாக்டருக்கு அக்கா மகன். எம்.பி.ஏ. படித்தவன். சென்ட் வாசனை ஒரு வகையிலும் சட்டை இன்னொரு வகையிலும் கத்திக்கொண்டிருந்தன. சிஸ்டர் தரப்பில் விசாரணைக்கு வரும் ஆள் என்று அமராவதி தன்னைச் சொல்லிக்கொண்டதும் அவன் பயப்படவில்லை, குஷியானான். சுற்றிக்காட்டுவதற்கு ஆள் கிடைத்த குஷி.

“இது நம்மளோட கிருமியில்லா மண்டலம் மேடம்,” என்று ஒரு கதவுமுன் நிறுத்தினான். கதவில் அதையே எட்டு அங்குல எழுத்தில் எழுதி, சுற்றிலும் ரோஜாப்பூ வரைந்திருந்தார்கள். “செருப்புக்கு மேல இந்த உறையப் போட்டாத்தான் உள்ள விடுவோம். அவ்வளவு ஸ்ட்ரிக்ட்.”

உறை ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. அதிலும் வலது காலுக்கு ஓட்டை. ஒரு வருஷமாக வந்தவர் போனவர் எல்லாரும் போட்டுக் கழற்றியதில், செருப்பைவிட உறைதான் அழுக்கு.

“எனக்கு?” என்றார் ஜெரால்டு.

“நீங்க வெளியவே இருங்க.”

“மண்டலத்தக் காப்பாத்துங்க தம்பி. நான் கொல்லப்பக்கமாப் போய்க் காத்து வாங்கிட்டு வாரேன்.”

உள்ளே ஆட்டோகிளேவ் நின்றது. பளபளவென்று துடைத்து, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, கைப்பிடியில் காய்ந்த மாலை. டாக்டரின் ஃபிளெக்ஸுக்கு அடுத்தபடி அந்தக் கட்டடத்தில் அதிகம் அலங்கரிக்கப்பட்ட பொருள் அதுதான்.

“தொட்டுறாதீங்க மேடம், சுடும். இப்பத்தான் ஒரு லோடு இறக்குனோம். தெனமும் ரெண்டு லோடு, தவறாது.” நோட்டைப் புரட்டிக் காட்டினான். தேதி, நேரம், வெப்பம், கையெழுத்து. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரு மாதத்தை ஒரே உட்காரலில் எழுதிய கை.

அமராவதி அலமாரிப் பக்கம் போனாள். பச்சைத் துணிப் பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் டேப். கோடுகள் கன்னங்கரேல். ஒன்றை எடுத்து ஓரத்தை விரலால் தடவினாள். காய்கறி நறுக்கலாம் போல மடிப்பு நின்றது.

“கல்யாண மாப்பிள்ளை வேட்டி மாதிரி இருக்கே?”

“குவாலிட்டி மேடம்,” என்றான் அருண், மார்பு விரிய.

அவளுக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு எதிராளிக்கும் கொஞ்சம் தகுதி வேண்டும்.

வெளியே வந்தபோது ஜெரால்டு கட்டடத்தின் பின்சுவரைப் பக்தியோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுவரிலிருந்து ஒரு பித்தளைக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது.

“இது என்ன குழாய்னு தெரியுதா மேடம்? ஆட்டோகிளேவ் ஆவி வெளிய போற குழாய். ஆம்புலன்ஸ் ஓட்டுன காலத்துல எத்தனை ஆஸ்பத்திரிப் பின்னாடி பீடி குடிச்சிருக்கேன்! ஒரு லோடு முடிஞ்சா ரயில் எஞ்சின் மாதிரி ‘புஸ்’ஸுனு விடும். பக்கத்துல நின்னா மீசை பொசுங்கும்.”

“அதுக்கென்ன?”

“வாயப் பாருங்க.”

குழாயின் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது. அவசரத்துக்கு அப்பிய மண் அல்ல. நிதானமாக, அறை அறையாக, வாரக்கணக்கில் கட்டிய வீடு. ஒரு குளவி பச்சைப் புழுவைக் கவ்விக்கொண்டு வந்து, தன் வீட்டுக்குள் நுழைவது போல நுழைந்தது.

“தெனமும் ரெண்டு லோடு ஓடுதாம்,” என்றாள் அமராவதி.

“ஓடியிருந்தா குளவி அவிஞ்சுல்ல போயிருக்கும்? பாவம், கிரகப்பிரவேசத்துக்கு இந்த எடத்தத் தேடிப் பிடிச்சிருக்கு. மாவட்டத்துலயே ரொம்ப ஆறிப்போன ஆவிக்குழாய்.” ஜெரால்டு செல்போனில் மூன்று படம் எடுத்தார். “ஆனா ஒண்ணு இடிக்குது. மெஷின் ஓடல. பின்ன கோடு எப்படிக் கறுத்துச்சு?”

“சூடு பட்டுக் கறுத்துச்சு. ஆவிக்குக் கறுக்குற டேப்பு, அதனால ஈரமும் பட்டிருக்கு. துணியில மடிப்பும் நிக்குது. சூடு, ஈரம், மடிப்பு. மூணும் ஒண்ணா எங்கண்ணே கெடைக்கும்?”

ஜெரால்டு ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்த விதத்தில் திருட்டைக் கண்டுபிடித்தவரின் மகிழ்ச்சி இருந்தது.

“ஆத்தாடி!” என்றார்.

ஆஸ்பத்திரிக்கு நூறு அடி தள்ளி, புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி. அழகுமலை தொட்டாங்குச்சிக் கரியை ஊதிப் பெட்டியைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். வண்டியின் ஒரு பக்கம் சட்டை, வேட்டி, யாரோ ஒரு ஹெட் கான்ஸ்டபிளின் காக்கி. இன்னொரு பக்கம் பச்சைத் துணி.

“ஆஸ்பத்திரித் துணியாண்ணே?” என்றாள் அமராவதி.

“ஆமாங்க. பத்தொம்பது நாளா நம்மகிட்டத்தான்,” என்றார், காண்டிராக்ட் எடுத்தவரின் கம்பீரத்தோடு. “சாதா இஸ்திரி இல்லீங்க. அது ஒரு தனி டெக்னிக்கு. பொட்டலம் கட்டி, டேப் ஒட்டி, மேல ஈரத்துணி போட்டு அமுக்கணும். கோடு கறுக்குற வரைக்கும் எடுக்கப்படாது. கறுக்கலைன்னா மேனேஜர் தம்பி திருப்பி அனுப்பிரும்.”

“எதுக்குக் கறுக்கணும்னு கேக்கலையா?”

“டிசைன்னு நெனச்சேன்.”

ஜெரால்டு திரும்பி நின்று இருமினார். அமராவதியின் முகம் மட்டும் அசையவில்லை. இந்த விவகாரத்தில் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்திருப்பவர்கள் அடைக்கலமேரியும் இந்த மனிதரும் குளவியும்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

“டாக்டர் வந்திருக்காரா இங்கிட்டு?”

“அவரு எதுக்கு வாராரு? மேனேஜர் தம்பி மட்டுந்தான், பைக்குல.”

திரும்பி நடக்கையில் ஜெரால்டு கையைத் தட்டிக்கொண்டார். “முடிஞ்சுச்சு. அருண் பயதான் ஆளு. மாமாவுக்குத் தெரியாம ஆட்டம் போட்டிருக்கான்.”

“நாம போய் அப்படிச் சொன்னா டாக்டர் என்ன செய்வாரு?”

“‘அய்யோ, எனக்குத் தெரியாதே’ம்பாரு. மருமகன ரெண்டு மாசம் ஊட்டிக்கு அனுப்புவாரு. ஞாயித்துக்கிழமை பிரியாணி போடுவாரு.”

“சிஸ்டர்?”

“கோட்டப் பாத்து ஏமாந்தது அவங்க கவனக்குறைவும்பாங்க.” ஜெரால்டின் குரல் இறங்கியது. “பேரு போனது போனதுதான்.”

“டாக்டருக்குத் தெரியுமா தெரியாதா, அதுதான் கேள்வி. தெரியுமான்னு கேட்டா ‘தெரியாது’ன்னு வாய் சொல்லும். அதனால வாயக் கேக்கக் கூடாது.” அவள் மணி பார்த்தாள். பதினொன்றரை. “அண்ணே, ஒங்க பழைய பழக்கத்துல, நெஜமாவே ஆட்டோகிளேவ் ஓடுற ஆஸ்பத்திரி ஏதாச்சும் இருக்கா?”

“திருமயத்துல ஒண்ணு இருக்கு. சின்னது. ஃபிளெக்ஸ் கெடையாது.”

“அங்கேருந்து ஒரு பொட்டலம் வேணும். இன்னொண்ணு அழகுமலை அண்ணன்கிட்டப் போட்டுக்குவோம்.”

“உள்ள என்ன வச்சுக் கட்டுறது?”

“எதையாச்சும் வைங்க. கோடு கறுத்தாச் சுத்தந்தானே.”

நாலு மணிக்கு மீட்டிங் ஹாலில் ஏ.சி. போட்டிருந்தார்கள். மேஜையின் தலைமாட்டில் டாக்டர் ஹரிணி. கண்ணாடியும் கோப்பும் கறார் முகமுமாக. வலப்பக்கம் லக்ஷ்மணன், நேரில் பார்த்தால் சாதாரண உயரம். அவர் பக்கத்தில் அருண். கடைசி நாற்காலியில் அடைக்கலமேரி, தன் கைகளைத் தானே பிடித்துக்கொண்டு.

“விஷயம் ரொம்ப சிம்பிள் மேடம்,” என்று ஹரிணியிடம் ஆரம்பித்தார் லக்ஷ்மணன். வெண்ணெய் தடவிய குரல். “சிஸ்டர் நல்லவங்கதான். வயசாயிருச்சு, அலட்சியம் வந்திருச்சு. பொட்டலம் சுத்தமா வந்திருக்கு. அவங்க கை அதக் கெடுத்திருக்கு.”

“பொட்டலம் சுத்தமா வந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க டாக்டர்?” என்றாள் அமராவதி.

லக்ஷ்மணன் அவளைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். “நீங்க மெடிக்கல் இல்லைல்ல? டேப்புல கோடு கறுத்திருக்கும்மா. கறுத்தாச் சுத்தம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.”

“வேற எதையும் பாக்க வேண்டாம்?”

“வேண்டாம்.”

“மேடம், இத எழுதிக்கிறீங்களா?” என்று ஹரிணியைக் கேட்டாள். ஹரிணி எழுதிக்கொண்டார்.

ஜெரால்டு இரண்டு பச்சைப் பொட்டலங்களை ஒரு தாம்பாளத்தில் வைத்து, தாம்பூலம் மாற்றும் மரியாதையோடு டாக்டர் முன்னால் நீட்டினார். இரண்டிலும் ஒரே டேப். இரண்டிலும் கோடு கறுத்திருந்தது. ஒன்று துவண்டு, ஓரத்தில் நீர்த்தடம் பூத்து, கோடும் கொஞ்சம் பழுப்படித்துக் கிடந்தது. இன்னொன்று செங்கல் போல மடிப்பு நின்று, கோடு கரிக்கட்டை நிறத்தில் மின்னியது.

“அருணுக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன்னு வச்சுக்குவோம்,” என்றாள் அமராவதி. “நீங்கதான் செய்யப்போறீங்க. எந்தப் பொட்டலத்தப் பிரிப்பீங்க?”

“இதென்ன விளையாட்டு?” என்றார் லக்ஷ்மணன்.

“சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்சதுதானே டாக்டர்,” என்றார் ஹரிணி, தலை நிமிராமல். “காட்டிருங்க.”

லக்ஷ்மணனின் கை நீண்டது. மடிப்புப் பொட்டலம்தான் பக்கத்தில் இருந்தது. கை அதைத் தாண்டிப் போயிற்று. சாக்கடையைத் தாண்டுவது போல, கொஞ்சம் தூக்கியே தாண்டியது. துவண்ட பொட்டலத்தின் மேல் விரல் பட்ட பிறகுதான் தன் கை என்ன செய்துவிட்டது என்பது அவருக்கே தெரிந்தது. விரல் அங்கேயே நின்றது.

அமராவதி மடிப்புப் பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

“ஏன் டாக்டர், இதுல கோடு இன்னும் நல்லாக் கறுத்திருக்கே?” என்றாள் அமராவதி. “ஒங்க கணக்குப்படி இது டபுள் சுத்தம்.”

லக்ஷ்மணன் வாயைத் திறந்தார். ஆனால் சத்தம் வந்தது வேறு நாற்காலியிலிருந்து.

“மாமா.”

அருண் எழுந்து நின்றிருந்தான். முகத்திலிருந்து எம்.பி.ஏ. சுத்தமாக வடிந்திருந்தது.

“அத ஏன் மாமா எடுக்கல?”

“உக்காருடா.”

“மெஷின் கதவுக் கேஸ்கெட் ரப்பர் போயிருச்சு, புதுசு வர மூணு வாரமாகும்னு நான் சொன்னப்ப, நீங்கதானே சொன்னீங்க, ‘சூடு சூடுதான்டா, மெஷின்ல வச்சா என்ன, இஸ்திரிப் பெட்டியில வச்சா என்ன, ஞாயித்துக்கிழமை விழா நிக்கக் கூடாது’ன்னு? ஒங்களுக்குத் தெரியாததா, படிச்சவரு சொல்றாருன்னு நம்பித்தானே நான் வண்டிக்குத் தூக்கிட்டுப் போனேன்! கத்தி கத்திரியக் கேன்டீன் அண்டாவுல கொதிக்க வச்சதும் நீங்க சொல்லித்தானே? நோட்டுல எழுதுனதும் நீங்க சொல்லித்தானே?” மடிப்புப் பொட்டலத்தைக் காட்டினான். “அந்தத் துணி மத்தவனுக்கு ஆகும். எனக்குன்னா ஆகாதா?”

“அதாவது, ஒங்க மேல பாசந்தான் தம்பி,” என்றார் ஜெரால்டு ஆறுதலாக.

அமராவதி மடிப்புப் பொட்டலத்தின் டேப்பை உரித்து, மேஜைமேல் விரித்தாள். உள்ளே நீலக் கட்டம் போட்ட லுங்கி ஒன்று இருந்தது. முழங்கால் உயரத்தில் மீன்குழம்புக் கறை.

ஹரிணி கண்ணாடியைக் கழற்றினார். “இது யாரோடது?”

“நம்மளோடதுதான் மேடம்,” என்றார் ஜெரால்டு. “முந்தாநாள் கட்டுனது, துவைக்கல. ஆனா கோடு பாருங்க, மையாட்டம்.”

அப்புறம் நடந்ததெல்லாம் எழுத்து வேலை. ஜெரால்டின் செல்போனில் குளவிக் கூட்டைப் பார்த்த ஹரிணி ஒரு தடவைதான் சிரித்தார். அதையும் உடனே வாபஸ் வாங்கிக்கொண்டார். தியேட்டரைப் பூட்டி சீல் வைக்க உத்தரவு எழுதினார். அருணின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினார். மூன்று நோயாளிகளையும் இன்றைக்கே புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொன்னார். அடைக்கலமேரியின் பெயர் போட்ட கோப்பில் ‘குற்றம் நிரூபிக்கப்படவில்லை’ என்று எழுதி, யோசித்து, அடித்துவிட்டு, ‘குற்றம் இல்லை’ என்று எழுதினார்.

அடைக்கலமேரி அதை இரண்டு தடவை படித்தார். அழவில்லை.

லக்ஷ்மணன் தொண்டையைச் செருமினார். ஃபிளெக்ஸ் ஆள் இப்போது முழுசாகக் கழன்றிருந்தார். “சிஸ்டர், நடந்தது நடந்துபோச்சு. நீங்க நாளைக்கு வழக்கம்போல டியூட்டிக்கு வந்துருங்க.”

“நாளைக்கு இருக்கட்டும் சார்,” என்றார் அடைக்கலமேரி. “பத்து நாளா ரவுண்ட்ஸ் போறப்பல்லாம் அந்த மூணு பேருகிட்டயும், ‘இந்தம்மா கையாலதான் ஒங்களுக்கு இப்படி’ன்னு சொன்னீங்க. நான் பக்கத்துலயே நின்னேன். அந்த மீன்காரரு பொண்டாட்டி என் மூஞ்சியில காறித் துப்பாத குறை. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள அதே ரவுண்ட்ஸ இன்னொரு தடவை போயிருவோம். நீங்களே சொல்லிருங்க.”

லக்ஷ்மணன் ஹரிணியைப் பார்த்தார். ஹரிணி கோப்பைப் பார்த்தார். லக்ஷ்மணன் எழுந்தார். வேறு வழி இருந்த மாதிரித் தெரியவில்லை.

வார்டு வாசல்வரை அமராவதியும் பின்னால் போனாள். வேடிக்கை பார்க்கத்தான்; அவளுக்கு அதை மறைக்கும் எண்ணம் இல்லை. லக்ஷ்மணன் கதவைத் தள்ளப் போனார். அடைக்கலமேரியின் கை குறுக்கே வந்தது.

“சார். கை.”

கதவுக்கு இடப்பக்கம் வாஷ்பேசின் இருந்தது. லக்ஷ்மணன் மோதிரங்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்து, உள்ளங்கையை ஒரு தேய்ப்புத் தேய்த்து உதறினார். வார்டுக்குள்ளிருந்து ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்த்தார்கள். கட்டுமாவடி மீன்காரரின் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

அடைக்கலமேரி சோப்பை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“விரல் இடுக்கு விட்டுப்போச்சு. நகத்துக்கு அடியில, அப்புறம் முழங்கை வரைக்கும். மொதல்லேருந்து ஆரம்பிங்க சார்.”

அவர் ஆரம்பித்தார். அடைக்கலமேரி பக்கத்தில் நின்று, முதல் வருஷ நர்ஸிங் பெண்களுக்கு எண்ணுவது போல, வார்டு முழுக்கக் கேட்கிற குரலில் ஒவ்வொரு தேய்ப்பையும் எண்ணினார்.